கொண்டை ஊசி வளைவில் ஒரு கிரிவலம்

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆன்மிக வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கப்பட வேண்டியதும், எந்த மாமன்னனும் எந்தச் சித்தபுருஷரும் இதுவரை நிகழ்த்திக் காட்டாததுமான ஒரு திருச்செயல் சென்ற ஜூன் மாதத்தில் நடந்தேறியது என்பதை உலகத்தார் அனைவரும் அறியக் கடவர். வேங்கிக்கால் மூன்றாவது குறுக்குத் தெருவில் வசிப்பவரும், ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியரும், பௌர்ணமி கிரிவல அன்பர்கள் நற்பணி மன்றத்தின் நிறுவனர், தலைவர், ஆயுட்காலப் புரவலர் ஆகிய மூன்று பதவிகளையும் போட்டியின்றி வகித்து வருபவருமான திரு. பரசுராமன் அவர்கள், ஆல்ப்ஸ் மலைக்கு எழுந்தருளினார்கள்.

கூடவே தனமும் போனாள். மன்றம் அடித்த நோட்டீஸில் அவள் பெயர் இல்லை. இடம் போதவில்லை என்று மன்றச் செயலாளர் ராமகிருஷ்ணன் சொன்னார். பரசுராமனின் மூன்று பதவிகளுக்கும் தனித்தனி வரி தேவைப்பட்டதால், முப்பத்து நாலு வருஷமாக அவருக்குச் சோறு போட்டவளுக்கு ஒரு வரி மிஞ்சவில்லை.

தனத்துக்கு அதில் வருத்தமும் இல்லை, ஆல்ப்ஸைப் பற்றி அபிப்பிராயமும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். 'தப்பு பண்ணிட்டேன்டா' என்கிற அந்த வாக்கியத்தைத் தன் புருஷன் வாயிலிருந்து எடுத்துத் தன் பிள்ளையின் காதில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, சென்னைக்கு மூன்று நடை, கை ரேகை, பேங்க் ஸ்டேட்மெண்ட், எல்லாம் அதற்காகத்தான்.

பிள்ளையின் பெயர் ஆதவன். ஒரே பிள்ளை. பிரான்ஸில் ஒரு மலையடிவார ஊரில் ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது, ஒரு விடியற்காலை பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு, யாரிடமும் அனுமதி கேட்காமல் அண்ணாமலை உச்சிக்கு ஏறிவிட்டு வந்தான். உச்சியில் நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டான். அந்தப் போட்டோ நாலு போன் தாண்டி, ஐந்தாவதாகக் கிரிவல மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது.

சுற்ற வேண்டிய மலையை ஏறி மிதித்தவன் தலைவர் மகன். வேறு அப்பனாக இருந்தால் வீட்டுக்குள் வைத்து நாலு திட்டு திட்டியிருப்பான். பரசுராமன் வெள்ளைத் தாளை எடுத்தார். 'பெறுநர்' போட்டார். 'பொருள்' போட்டார். தன் மகன் மீது தானே புகார் எழுதி, நகல் மூன்று எடுத்து, அதிலொன்றை நிருபருக்கும் கொடுத்தார். வனத்துறை அதிகாரிகள் ஒரு அபராதத்தைக் கட்டச் சொல்லி, இனிமேல் இப்படிச் செய்யாதேப்பா என்று அனுப்பிவிட்டார்கள். பரசுராமனுக்கு அது போதவில்லை. மன்றக் கூட்டத்தைக் கூட்டி, மைக் வைத்து, மன்னிப்புக் கடிதத்தை மகனை உரக்கப் படிக்கச் சொன்னார். வாசகம் அவரே எழுதியது. அதில் 'இழிசெயல்' என்ற வார்த்தை இரண்டு இடத்தில் வந்தது.

ஆதவன் படித்தான். இரண்டு இடத்திலும் தடுமாறாமல் படித்தான். மறுநாள் சாயங்காலம் கிளம்பிப் போனவன், அப்புறம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணினான். நாலு நிமிஷம். உடம்பு எப்படி, மழை பெய்யுதா, மாத்திரை போட்டீங்களா. சண்டை போடுகிற பிள்ளையாக இருந்தால் தனம் சமாதானம் செய்திருப்பாள். இவன் சண்டையே போடவில்லை.

'மகனே ஆனாலும் மலையின் புனிதம் காப்பேன்: தந்தை அதிரடி' என்ற பத்திரிகைத் துண்டு மட்டும் லேமினேஷன் செய்யப்பட்டு ஹாலில் தொங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் சாமி படங்களைத் துடைக்கும்போது அதையும் துடைக்க வேண்டியது தனத்தின் வேலை.

"ஒரே ஒரு வார்த்தைதாங்க. போன்லயே சொல்லிடுங்க" என்று அவள் ஐந்து வருஷமாகச் சொன்னாள்.

"போன்லயா? இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமாடி? நேர்ல, முறையா சொல்லணும்."

சரி, நேரில் போவோம் என்றாள். அழைப்புக் கடிதம் வேண்டும் என்று கேட்டதும் ஆதவன் அன்றைக்கே அனுப்பிவிட்டான். ஒரு கேள்வி இல்லை. விமானத்தில் ஏறும்போது பரசுராமன் பெண்டாட்டி கையைப் பிடித்துச் சொன்னார்: "சொல்லிட்றேன் தனம். அந்த ஆல்ப்ஸ் மலை முன்னாடி நிக்க வெச்சி சொல்லிட்றேன்." அவர் சொன்ன தோரணையில் மன்னிப்புக்கே பொன்னாடை போர்த்தப் போகிறார் போலிருந்தது. ஆனாலும் தனம் நம்பினாள்.

பதினைந்து நாள் பயணம். முதல் நாளே ஆதவன் ஒரு தாளைக் கொடுத்தான். எந்தத் தேதியில் எந்த இடம், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தான். அவர்களுக்கென்று புதுத் தட்டு இரண்டு வாங்கியிருந்தான். அடியில் விலை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தான். அப்பாவுக்குக் கம்பளிக் குல்லாய் வாங்கித் தந்தான். 'எங்கேம்மா என் சட்டை?' என்று வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்த பிள்ளை, "அம்மா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்குறேன்" என்றான். லாட்ஜில் ரூம் பாய் இவ்வளவு பதவிசாக நடந்துகொண்டால் டிப்ஸ் கொடுக்கலாம். பெற்ற பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று தனத்துக்குத் தெரியவில்லை.

தூக்கம் சரியில்லை என்று காரணம் காட்டி, முதல் இரண்டு நாள் பரசுராமன் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மழை. நாலாம் நாள் ராகு காலம் குறுக்கே வந்தது. ராகு காலத்தை இந்த ஊர் கடிகாரத்தில் பார்ப்பதா, நம்மூர் கடிகாரத்தில் பார்ப்பதா என்ற சந்தேகத்தில் ஐந்தாம் நாளும் போயிற்று. அடுத்த வாரம் முழுக்க 'அந்த மலை முன்னாடிதான்' என்றார். பதிமூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தாளில் எழுதியிருந்தபடி, அந்த மலைக்குப் போனார்கள்.

மலையின் பெயர் மூக்கால் சொல்ல வேண்டியது. பரசுராமனுக்குக் கடைசிவரை வரவில்லை. "அர்த்தம் இன்னா?" என்றார்.

"மொட்டைத் தலைனு அர்த்தம்ப்பா."

"சாமி பேரு இல்லியா?"

"இல்லப்பா. மேல மரம் கெடையாது, அவ்ளோதான்."

அடிவாரத்தில் கார் நிறுத்துகிற இடமே தேர்த் திருவிழா போலிருந்தது. கிழவனும் கிழவியுமாக, கைக்கு ஒன்றாக இரண்டு குச்சிகளை ஊன்றிக்கொண்டு கூட்டம் கூட்டமாக மலையேறினார்கள். அத்தனை பேருக்கும் ரெண்டு முட்டியும் போய்விட்டது போல, பாவம் என்று தனம் நினைத்தாள். இன்னொரு பக்கம் சைக்கிள்காரர்கள். தோலோடு தைத்தது போல உடுப்பு மாட்டிக்கொண்டு, நாக்குத் தள்ள, வேர்த்து ஊற்ற, யாரும் துரத்தாமலே ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒரு காப்பிக் கடையும் பனியன் விற்கிற கடையும் இருக்கின்றன என்றான் ஆதவன். அதுவரை ஏறி, போர்டு பக்கத்தில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்களாம்.

"நானும் மாசம் ரெண்டு தடவ ஏறுவேம்மா" என்றான். வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான்.

பரசுராமன் காரை விட்டு இறங்கினார். வேட்டி, அதன் மேல் ஸ்வெட்டர், தலையில் குல்லாய். கீழே குனிந்து செருப்பைக் கழற்றிக் காருக்குள் வைத்தார்.

"ஏம்ப்பா?"

"மலைய ஏறக் கூடாது. சுத்தணும். எத்தினி கிலோமீட்டர் வரும்?"

"சுத்த முடியாதுப்பா. இதுக்குப் பின்னாடி ஒரு மலை ஒட்டிக்கினு நிக்குது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. இத்தாலி வரைக்கும் இப்பிடியேதான். சுத்துறதுக்கு எடமே இல்ல."

"மலைன்னா சுத்துறதுக்கு வழி இல்லாம இருக்குமா? தார் ரோடே போட்டு வெச்சிருக்கான் பாரு" என்று கையைக் கூப்பிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மலை வலப்பக்கம். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடப்பதால் மனிதர்கள் சாலையின் இடப்பக்கமாகத்தான் போக வேண்டும் என்பது நம்மூர்க் கணக்கு. அந்த ஊரில் மேலேயிருந்து இறங்குகிற வண்டியெல்லாம் வருவது அந்தப் பக்கம்தான். இதைப் பற்றிச் சித்தர்களும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

"அப்பா, ஓரமா போங்க!"

அவர் காதில் விழவில்லை. அவருக்கு அந்தச் சாலை ஊருக்கு நடுவே போகிற கிரிவலப் பாதை ஆகிவிட்டிருந்தது.

ஆதவன் கார் விளக்கைச் சிமிட்டவிட்டு, அவர் பின்னால் நத்தை போல ஓட்டினான். பக்கத்தில் தனம். பதிமூன்று நாளில் தாயும் பிள்ளையும் தனியாக இருந்தது அதுவே முதல் தடவை. அவளும் அதை விடுவதாக இல்லை.

"ஆதவா, அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான்டா வந்திருக்காரு."

"சொல்லட்டும்மா. நான் இங்கதான கீறேன்."

"உனக்கு இன்னும் கோவமா?"

"கோவம்லாம் இல்லம்மா." முன்னால் போகிற வேட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னான். "மொத வருஷம் இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் கூட இருந்துச்சு. அப்பல்லாம் ராத்திரில எழுந்து உக்காந்து அவருக்கு பதில் சொல்லிக்கினு இருப்பேன். இப்ப ஒண்ணுமே தோணல. எனக்கு அதுதாம்மா பயமா கீது."

தனம் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அந்த வார்த்தைய அவரு சொல்லிட்டா, வீட்டுக்கு வருவியாடா?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆதவனின் விரல்கள் ஏறி இறங்கின.

"வருவேன்மா. சொன்னார்னா இந்த தீபத்துக்கே வருவேன்" என்றான். குரல் உடைந்தது. ஐந்து வருஷத்தில் அவள் கேட்ட முதல் உடைந்த குரல். தனத்துக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. இன்றைக்கு விடக் கூடாது, இந்த மனுஷன் கழுத்தைப் பிடித்தாவது சொல்ல வைத்துவிட வேண்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் முதல் வளைவு வந்தது.

கொண்டை ஊசி வளைவு. சாலை ஒரே சுற்றாகத் திரும்பி வந்த திசைக்கே மேலேறியது. அதுவரை பரசுராமனின் வலப்பக்கம் இருந்த மலை, நாலு அடி எடுத்து வைத்ததும் இடப்பக்கம் வந்துவிட்டது. அவர் திகைத்துப் போனார். தொடர்ந்து நடந்தால் மலையை இடம் சுற்றியதாகும். இருபத்திரண்டு வருஷக் கிரிவலத்தில் செய்யாத பாவம். திரும்பி இறங்கினாலும் அதே பாவம். இந்த ஊர்க்காரன் சாலை போடும்போது இதையெல்லாம் யோசித்தானா? வளைவின் நட்டநடுவில், கூப்பிய கை கூப்பியபடி நின்று, ஒரு முறை இப்படித் திரும்பினார், ஒரு முறை அப்படித் திரும்பினார்.

மேலேயிருந்து ஒரு சைக்கிள் அம்பு போல இறங்கியது.

ஓட்டி வந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தன் வழியில் போகும்போது, வளைவின் நடுவில் ஸ்வெட்டர் போட்ட ஒருவர் வெறுங்காலோடு தன்னைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார் என்று அவர் கண்டாரா? ஒரு கத்துக் கத்தினார். பிரேக் கிரீச்சிட்டது. ஒடித்துத் திருப்பியதில் சைக்கிள் சரிந்து, அவரைத் தேய்த்துக்கொண்டே வந்து, பரசுராமனின் பாதத்துக்கு ஒரு முழத்தில் கொண்டுவந்து போட்டது.

ஆதவன் காரை நிறுத்திவிட்டு ஓடினான். தனமும் ஓடினாள். நல்ல வேளை, முழங்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் போயிருந்தது, முன் சக்கரம் அப்பளமாக வளைந்திருந்தது, அவ்வளவுதான். அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, தலைக் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பரசுராமனை அண்ணாந்து பார்த்தார்.

அடுத்து நடந்ததைத் தனம் சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள்.

பரசுராமன் சாலையில் மண்டியிட்டார். அந்த ஆளின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சாரி சார். தப்பு பண்ணிட்டேன் சார். என் மேலதான் சார் தப்பு. வெரி சாரி சார். பெரிய தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க சார்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. 'பெறுநர்' இல்லை, 'பொருள்' இல்லை, இழிசெயல் இல்லை. மனுஷன் பேசுகிற மாதிரி பேசினார். வெள்ளைக்காரருக்குப் புரியவில்லை. பரசுராமன் மகனைத் திரும்பிப் பார்த்து, "சொல்றா, அவருகிட்ட சொல்றா! எங்கப்பா தப்பு பண்ணிட்டாரு, மன்னிப்பு கேக்குறாருன்னு சொல்லு!" என்று கெஞ்சினார்.

ஆதவன் சொன்னான். அந்த ஊர் பாஷையில், ஒவ்வொரு வார்த்தையாக, தடுமாறாமல் சொன்னான். எங்கள் அப்பா தப்பு செய்துவிட்டார். எங்கள் அப்பா மன்னிப்புக் கேட்கிறார். பரசுராமன் திரும்பத் திரும்பக் கேட்க, அவனும் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த மனிதர் சிரித்துவிட்டு, பரவாயில்லை என்பது போலப் பரசுராமனின் தோளைத் தட்டினார். சக்கரத்துக்குக் காசு கொடுக்க வந்ததை வேண்டாம் என்றார்.

அவர் சிநேகிதர்கள் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனதும், ஆதவன் காரில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"அந்த வார்த்த அப்பாவுக்குத் தெரியும்னே எனக்கு இன்னிக்குத்தாம்மா தெரியும்" என்றான்.

உச்சிக்குப் போகவில்லை. கார் இறங்கியது. பரசுராமன் முன் சீட்டில் மறுபடியும் செருப்புப் போட்டுக்கொண்டதும் பழைய ஆளாகிவிட்டிருந்தார். "பாத்தியாடா, எவ்ளோ பெரிய மனசு அந்தாளுக்கு! நாம எறங்கிப் போயி கேட்டா யாரா இருந்தாலும் மன்னிச்சிடுவாங்க. ஈகோ பாக்கக் கூடாது. நான் எங்க ஆபீஸ்லயே இதத்தான் சொல்லுவேன்."

பின் சீட்டிலிருந்து தனம் அவர் தோளில் கிள்ளினாள். ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளினாள். "இப்ப சொல்லுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பரசுராமன் தொண்டையைக் கனைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆதவன் வேகத்தைக் குறைத்தான். அவன் மூச்சை அடக்கிக்கொண்டது தனத்துக்குத் தெரிந்தது.

"ஆதவா..."

"சொல்லுங்கப்பா."

"வளைவு ஜாஸ்தியா கீது. பிரேக்க பாத்துப் போடு."

"சரிப்பா" என்றான் ஆதவன்.

அதற்கப்புறம் தாளில் ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. அன்றைக்குக் கடைக்குப் போவது என்று எழுதியிருந்தது, போனார்கள். ஏர்போர்ட்டில் ஆதவன் இரண்டு பேர் காலிலும் விழுந்து எழுந்தான். தனம் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தீபத்துக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"பாக்கலாம்மா" என்றான். அந்தக் குரலில் எந்த உடைசலும் இல்லை. வழவழவென்று இருந்தது.

செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. சாப்பாடு உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ராமகிருஷ்ணன் பொன்னாடை போர்த்தி, 'ஆல்ப்ஸ் கண்ட அண்ணல்' என்ற பட்டத்தை வழங்கினார். அண்ணல் முக்கால் மணி நேரம் பேசினார். வெறுங்காலோடு ஆல்ப்ஸை வலம் வந்த முதல் தமிழன் என்று தன்னைச் சரித்திரம் சொல்லும் என்றார். நடந்தது அறுநூறு அடி என்பதைச் சரித்திரத்துக்கு அவர் தெரிவிக்கவில்லை. அந்த மலையில் ஒரு வெள்ளைக்காரர், தன்னைக் கண்ட மாத்திரத்தில் சைக்கிளை விட்டுவிட்டுத் தன் காலடியில் விழுந்தார் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தனம் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அந்தச் சைக்கிள் கதையில் ஒரு வார்த்தை பொய்யில்லை; அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

பக்கத்து வீட்டு ராணியம்மாள் அவள் காதைக் கடித்தாள். "இன்னாக்கா, மூஞ்சி ஏன் இப்பிடி தொங்குது? பையன் நல்லா கவனிச்சிக்கினானா?"

"நல்லா கவனிச்சிக்கினான்" என்றாள் தனம்.

மேடையில் அண்ணல் குரலை உயர்த்தினார். "இந்த நேரத்துல ஒரு மகிழ்ச்சியான செய்தி. என் மகன் ஆதவன், வர்ற தீபத்துக்கு, தன் பிரான்ஸ் நண்பர்கள் பத்துப் பேரோட நம்ம ஊருக்கு வந்து கிரிவலம் வரப் போறாரு! அன்னிக்கு இந்த மன்றத்து மேல இருக்கிற மரியாதையில மன்னிப்புக் கடிதம் படிச்ச அதே பிள்ளை!"

மண்டபம் அதிர்ந்தது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாயும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ராமகிருஷ்ணனுக்குத் திடீரென்று தோன்றி, மைக்கைக் கொண்டுவந்து தனத்தின் கையில் கொடுத்தார். அவள் அதுவரை மைக் பிடித்ததில்லை. எழுந்து நின்றாள். கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. பரசுராமன் மேடையிலிருந்து புன்னகையோடு தலையாட்டி உற்சாகப்படுத்தினார்.

"எங்க பையன் வரமாட்டான்" என்றாள் தனம். "சாப்பாடு ரெடி, போய் சாப்பிடுங்க."